முகாம் முடிந்த திங்கட்கிழமை

தலைமைப் பண்புப் பயிற்சி முகாம்கள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கின்றன. அவற்றை எடைபோட வேண்டிய நாள் அடுத்து வரும் திங்கட்கிழமை. சனிக்கிழமை மாலை சான்றிதழ் வாங்கி, குரூப் போட்டோவுக்கு நின்று, பத்துப் பேரிடம் எண் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிய கல்லூரி மாணவர் மன்றச் செயலாளர், திங்கட்கிழமை காலை ஹெச்.ஓ.டி. அறை வாசலில் ஒரு ஃபைலோடு நிற்கிறார். சிம்போசியத்துக்கு இன்னும் 12 நாள். ஆடிட்டோரியத்தை வேறொரு துறை முன்பே கேட்டு வைத்திருக்கிறது. பேனர் கடையில் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கூடவே நிற்பதாகச் சொன்ன செகண்ட் இயர் மாணவர்கள் நால்வரில் இருவர் போனை எடுப்பதில்லை. முகாமில் கேட்டதிலும் செய்ததிலும் எது இந்த நிமிடத்தில் அவருக்குக் கைகொடுக்கிறது?

படித்த காலத்தில் நானும் அப்படி ஃபைலோடு நின்றவன். பின்னர் சில ஆண்டுகள் அந்த ஃபைலில் கையெழுத்துப் போடுகிற நாற்காலியில் உட்கார்ந்தவன். மேசையின் இரு பக்கமும் பார்த்தவன் என்பதால் இந்த முகாம்களைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆனால் சொந்த அனுபவம் ஒருவரை எளிதில் ஏமாற்றும். ஆகவே பயிற்சி பற்றியும் தொடர்புகள் பற்றியும் ஆய்வாளர்கள் கண்டறிந்தவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நான் பேசுவது பொறியியல் கல்லூரி மன்றங்களைப் பற்றி. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகள் மட்டும் 400-க்கு மேல். எந்தக் கல்லூரிக்குள் நுழைந்தாலும் மன்றங்களுக்குக் குறைவிருக்காது: துறைதோறும் ஒரு சங்கம், ஐ.இ.இ.இ. மாணவர் கிளை, ஐ.எஸ்.டி.இ. பிரிவு, வண்டி கட்டும் எஸ்.ஏ.இ. கிளப், கோடிங் கிளப், ரோட்டராக்ட். ஒவ்வொன்றுக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு. பதவிக்காலம் ஓராண்டு. இவர்களுக்குக் கீழே பெயர்ப்பலகையில் இடம் பெறாத தன்னார்வலர்கள் இருபது முப்பது பேர். வகுப்புக்கு விலக்குத் தரும் ஓ.டி. பட்டியல் தயாரிப்பது, ஸ்பான்சர் தேடி வெயிலில் கடை கடையாக ஏறி இறங்குவது, நடுவரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வருவது, சான்றிதழில் பெயர்ப்பிழை திருத்துவது, கடைசியில் நாற்காலி அடுக்குவது எல்லாம் இவர்கள்தான்.

இந்த வேலையின் கடினத்தைப் பயிற்சி நடத்துகிறவர்கள் சரியாக உணர்வதில்லை என்பது என் முதல் குறை. நிறுவனத்தில் மேலாளருக்குச் சம்பள உயர்வும் பதவி உயர்வும் கைக்கருவிகள். வகுப்பில் ஆசிரியருக்கு இன்டர்னல் மதிப்பெண் இருக்கிறது. மன்றச் செயலாளருக்கு என்ன இருக்கிறது? “மச்சான், நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாடா” என்ற வேண்டுகோள் இருக்கிறது. அதை மறுக்கிறவனை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. நாளை அதே பெஞ்சில் அவனோடுதான் உட்கார வேண்டும். அதிகாரம் இல்லாமல், கூலி இல்லாமல், சம வயதுக்காரர்களை வேலை செய்ய வைப்பது தலைமையிலேயே கடினமான வகை. கம்பெனி மேலாளர்களுக்கென்று தயாரித்த பாடத்தைக் கொஞ்சம் சுருக்கி இவர்களுக்குப் படிப்பித்தால் அது பொருந்தாமல் போவதில் வியப்பில்லை.

இத்தனை முகாம்கள் ஏன் நடக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 2014-ல் இந்தியா, நாடுகள் ஒன்றின் பொறியியல் படிப்பை மற்றொன்று ஏற்பதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினரானது. அதையொட்டி, பொறியியல் பட்டதாரியிடம் எதிர்பார்க்கப்படும் பண்புகளின் பட்டியலில் குழுவாக வேலை செய்வது, கருத்தை எடுத்துச் சொல்வது, திட்டங்களையும் செலவையும் நிர்வகிப்பது ஆகியவை இடம்பெற்றன. நாக் அமைப்பின் தர மதிப்பீட்டிலும் மாணவர் நலனுக்கென்று ஒரு தனி அளவுகோல், அதற்குள் திறன் மேம்பாட்டு நிகழ்ச்சிகளுக்கென்று ஓர் இடம். நோக்கம் நல்லதே. ஆனால் நடைமுறையில் கல்லூரிக்குத் தேவைப்படுவது தேதி, வருகைப் பட்டியல், புகைப்படம், அறிக்கை. நிகழ்ச்சி நடந்ததற்கான சான்று கிடைத்துவிட்டால், அது பலித்ததற்கான சான்றை யாரும் கேட்பதில்லை.

வழக்கமான முகாமின் உள்ளடக்கம் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். காலையில் குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை. பிறகு அறிமுக விளையாட்டு. பழைய நாளிதழும் செல்லோ டேப்பும் கொடுத்து உயரமான கோபுரம் கட்டச் சொல்வார்கள். கண்ணைக் கட்டிவிட்டு நண்பன் குரலைக் கேட்டு நடக்கச் சொல்வார்கள். குணவகை பார்க்கும் வினாத்தாள் ஒன்று வரும். மதியம் பிரியாணி. அதன் பிறகு வெற்றிபெற்ற ஒருவரின் எழுச்சியுரை. மாலையில் கருத்துப் படிவம். “மிக நன்று” என்ற கட்டத்தில் டிக் விழுகிறது. அதை எண்ணிப் பார்த்து, முகாம் வெற்றி என்று அறிக்கை எழுதப்படுகிறது.

டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் பயிற்சிகளை மதிப்பிட நான்கு படிகள் சொன்னார்: வந்தவருக்குப் பிடித்ததா, எதையாவது கற்றாரா, திரும்பிப் போன இடத்தில் நடத்தை மாறியதா, அதனால் அமைப்புக்குப் பலன் கிடைத்ததா. நம்முடைய கருத்துப் படிவம் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. பிடித்திருப்பதில் தவறில்லை. இருபது வயதில் வேறு கல்லூரியில் ஒரு நாள் கழிப்பது இனிமையானது. ஆனால் அந்த இனிமையை வைத்து நான்காம் படிக்கு மதிப்பெண் போடுவது, செமஸ்டர் தேர்வுக்கு வருகைப் பதிவேட்டைப் பார்த்து மதிப்பெண் போடுவதற்குச் சமம்.

தலைமைப் பயிற்சியே பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. சான்றுகள் அதற்கு எதிராக இருக்கின்றன. 2017-ல் 335 ஆய்வு மாதிரிகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு பெரும் பகுப்பாய்வு, இந்தப் பயிற்சிகள் பொதுவாக நினைப்பதைவிட அதிகப் பயன் தருகின்றன என்றே முடிவு சொன்னது. பயன் கூடுவதற்கான காரணங்களையும் அது எடுத்துச் சொன்னது. யாருக்கு என்ன தேவை என்று முன்கூட்டியே விசாரித்து வடிவமைப்பது, பேச்சோடு நிற்காமல் செய்து பழக வைப்பது, செய்ததைப் பார்த்துத் தவறு சொல்வது, ஒரே மூச்சில் முடிக்காமல் இடைவெளிவிட்டுப் பல அமர்வுகளாக நடத்துவது, வேலை நடக்கும் இடத்திலேயே நடத்துவது. இந்த ஒவ்வொன்றையும் நம் சனிக்கிழமை முகாமின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாரும் முன்கூட்டி விசாரிக்கவில்லை. பெரும்பகுதி பேச்சு. கோபுரம் கட்டியதைத் தவிரச் செய்தது ஒன்றுமில்லை. ஒரே நாளில் முடிந்தது. வேறு ஊரில் நடந்தது. எந்தெந்த அம்சங்கள் பலன் தரும் என்று ஆய்வு சொல்கிறதோ அவை எல்லாவற்றுக்கும் நேர் எதிர்த்திசையில் அமைத்துவிட்டு, பலன் வரவில்லையே என்று மாணவரைக் குறை சொல்ல முடியாது.

இதைவிட ஆழமான ஒரு சிக்கலுக்கு வருகிறேன். 1950-களில் அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற டிராக்டர் நிறுவனம் தன் ஃபோர்மேன்களைச் சிகாகோவில் இருந்த மையப் பள்ளிக்கு அழைத்து மனித உறவுகளில் பயிற்சி கொடுத்தது. எட்வின் ஃப்ளைஷ்மன் அதன் விளைவை ஆராய்ந்தார். பயிற்சி முடிந்த கையோடு கேட்டபோது ஃபோர்மேன்களின் மனப்போக்கு மாறியிருந்தது. தொழிற்சாலைக்குத் திரும்பிய பிறகு பார்த்தபோது அந்த மாற்றம் நிலைக்கவில்லை. அவர்கள் தொழிலாளரிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைத் தீர்மானித்தது, அவர்களுக்கு மேலே இருந்த அதிகாரி அவர்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதே. பரிவான அதிகாரியின் கீழ் இருந்தவர் பரிவோடு இருந்தார். மற்றவர் பழைய வழிக்கே போனார்.

இந்த முடிவைப் படித்தபோது எனக்கு நம் கல்லூரித் தாழ்வாரங்கள்தான் கண்முன் வந்தன. மன்றச் செயலாளருக்கு மேலே ஸ்டாஃப் கோஆர்டினேட்டர், அவருக்கு மேலே ஹெச்.ஓ.டி., அவருக்கு மேலே பிரின்சிபால். பல கல்லூரிகளில் செயலாளரைத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்களின் வாக்கு அல்ல. அரியர் இல்லாத, சொன்னதைக் கேட்கிற, வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிற ஒருவரைத் துறை நியமிக்கிறது. சிறப்பு விருந்தினர் யார், எந்தத் தேதி, கட்டணம் எவ்வளவு எல்லாம் மேலே முடிவாகி வருகிறது. அந்த மாணவரை முகாமுக்கு அனுப்பி “முடிவெடுக்கக் கற்றுக்கொள்” என்கிறோம். திரும்பி வந்தவருக்கு முடிவெடுக்க என்ன மிஞ்சியிருக்கிறது? பேனரின் நிறம் மிஞ்சியிருக்கலாம்.

கோஆர்டினேட்டர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமில்லை. நானும் அந்த நாற்காலியில் இருந்தேன். வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு, லேப், அதற்கு மேல் தர மதிப்பீட்டு ஃபைல்கள், அட்மிஷன் வேலை. மன்றப் பொறுப்புக்கு எந்த நேரச் சலுகையும் கிடையாது. ஒரு மாணவன் சொதப்பினால் விளக்கக் கடிதம் கேட்கப்படுவது ஆசிரியரிடம். ஆகவே அவர் எதையும் மாணவர் கையில் விடத் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தை எந்த முகாமும் தொடுவதில்லை, ஏனென்றால் எந்த முகாமும் அவரை அழைப்பதில்லை. அழைத்தாலும் பின்வரிசையில் உட்கார வைத்து நினைவுப் பரிசு கொடுத்து அனுப்புகிறது. ஃபோர்மேனுக்குப் பாடம் நடத்தி, அவருடைய அதிகாரியை அப்படியே விட்டுவிட்ட அதே பிழை.

முகாம்கள் சொல்லித் தராத பணத்தைப் பற்றியும் ஒரு சொல். நான் செயலாளராக இருந்த ஆண்டில் சாப்பாட்டு பில்லைக் கட்ட என் நண்பன் தன் வீட்டில் மெஸ் கட்டணத்துக்கென்று கொடுத்த பணத்தைப் போட்டான். அவனுக்கு அது திரும்பக் கிடைக்க நான்கு மாதமாயிற்று. காரணம் ஊழலும் இல்லை, அலட்சியமும் இல்லை. அட்வான்ஸ் கேட்டு முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதும், பில் யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதும் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் அக்கவுண்ட்ஸ் பிரிவு அலுவலர் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருந்தால் போதும். அந்த நண்பன் அதன் பிறகு எந்த மன்ற வேலைக்கும் வரவில்லை. வோச்சர் எழுதத் தெரியாததால் ஒரு நல்ல தன்னார்வலரை நாங்கள் இழந்தோம்.

இனி நான் மிக முக்கியமாக நினைக்கும் அளவுகோல். அதற்கு உதவுவது ஒரு பழைய பரிசோதனை. அதுவும் மன்றங்களில் நடந்த பரிசோதனை. 1930-களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவாவில் குர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் மூவரும் பத்து வயதுச் சிறுவர்களைக் கொண்டு கைவினைக் கிளப்புகள் அமைத்தார்கள். முகமூடி செய்வது போன்ற வேலைகள். சில கிளப்புகளில் தலைவர் எல்லாவற்றையும் உத்தரவாகச் சொன்னார். சிலவற்றில் சிறுவர்களோடு கலந்து பேசி முடிவு செய்தார். சிலவற்றில் ஒதுங்கி நின்றார். உத்தரவு போடும் தலைவர் அறையில் இருக்கும்வரை அங்கே வேலை மும்முரமாகவே நடந்தது. ஆய்வாளர்கள் செய்த கூர்மையான காரியம், தலைவரை வேண்டுமென்றே அறையைவிட்டு வெளியே அனுப்பிப் பார்த்தது. உத்தரவுக் கிளப்பில் வேலை சட்டென்று சரிந்தது. கலந்து பேசிய கிளப்பில் ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது.

கல்லூரி மன்றத்தில் தலைவர் ஒவ்வோர் ஆண்டும் அறையைவிட்டு வெளியேறுகிறார். இது மற்ற அமைப்புகளில் இவ்வளவு கறாராக நடப்பது அரிது. ஏப்ரலில் ஃபைனல் இயர் போய்விடும். அதோடு ஸ்பான்சர் எண்கள் போகும், கூகுள் டிரைவின் பாஸ்வேர்டு போகும், எந்த அலுவலகத்தில் எந்த நேரம் போனால் கையெழுத்துக் கிடைக்கும் என்ற அறிவு போகும். ஜூலையில் புதிய அணி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆகவே மன்றத் தலைமைக்கு ஒரே உண்மையான தேர்வு ஒப்படைப்புத்தான் என்று கருதுகிறேன். இவர் போன பிறகு வேலை நடக்கிறதா? இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால், எல்லா வேலையையும் தானே ஓடி ஓடிச் செய்து, மேடையில் பாராட்டு வாங்கி, அடுத்த ஆண்டுக்கு ஒருவரையும் தயார் செய்யாமல் போகிற ‘சிறந்த செயலாளர்’ தோற்றவர்.

ஒப்படைப்புக்கு நம் நாட்டிலேயே ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. மும்பை ஐ.ஐ.டி. மாணவர்கள் 2007-ல் ‘பிரதம்’ என்ற சிறு செயற்கைக்கோளைக் கட்டத் தொடங்கினார்கள். அது விண்ணுக்குப் போனது 2016 செப்டம்பர் 26-ல், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி35 ராக்கெட்டில். ஒன்பது ஆண்டுகள். பி.டெக். படிப்போ நான்கு ஆண்டு. தொடங்கிய மாணவர் எவரும் முடிக்கும்போது மாணவராக இல்லை. செயற்கைக்கோளில் ஒரு சர்க்யூட் ஏன் அப்படி அமைக்கப்பட்டது என்று திட்டத்தின் ஐந்தாம் ஆண்டில் வந்து சேர்ந்த ஜூனியருக்குத் தெரியாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். அதனால் எழுதி வைப்பதும், கூட உட்கார்ந்து பழக்குவதும் இப்படிப்பட்ட திட்டத்தில் உயிர்நாடி ஆகின்றன. அந்த அணிகளுக்குத் தலைமையைக் கற்றுக்கொடுத்தது அந்த வேலைதான்.

மாணவர் பந்தய வண்டிப் போட்டிகளிலும் இதைக் காணலாம். கோயம்புத்தூர் அருகே செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் நடக்கிறது. ஃபார்முலா ஸ்டூடன்ட் வகைப் போட்டிகளில் மொத்தம் 1000 புள்ளி. அவற்றில் 325 புள்ளி வண்டி ஓரடி நகராமலே கிடைப்பவை. வடிவமைப்புக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வணிகத் திட்டத்துக்கு 75. வடிவமைப்பு நடுவர் வந்து நின்று “சஸ்பென்ஷனை ஏன் இப்படி வைத்தீர்கள்?” என்று கேட்பார். “போன வருஷ சீனியர் வைத்தது சார்” என்று பதில் சொன்னால் புள்ளி போய்விடும். ஒப்படைப்பின் தரத்துக்கு அங்கே மதிப்பெண்ணே இருக்கிறது. எந்தத் தலைமை முகாமும் இவ்வளவு நேர்மையான தேர்வு வைத்து நான் பார்த்ததில்லை.

இனி தொடர்பு வளர்த்தல். நெட்வொர்க்கிங் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். முகாம்களுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதம் இதுதான்: பாடம் மறந்துபோகலாம், பழக்கம் நிற்கும். இதில் உண்மை இருக்கிறது. மார்க் கிரானவெட்டர் 1973-ல் வெளியிட்ட கட்டுரையில், பாஸ்டன் நகரை ஒட்டிய நியூட்டனில் தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைப் பற்றி எழுதினார். தகவல் சொன்னவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம். அரிதாகவே சந்தித்தவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். புதிய செய்தி தூரத்துப் பழக்கத்தில்தான் வரும். 2022-ல் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை உள்ளடக்கி, ஐந்தாண்டுப் பரிசோதனைகளைக் கொண்டு செய்த ஆய்வு இதைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. ஒரு திருத்தமும் சொன்னது: மிக மெல்லிய பழக்கத்தைவிட, ஓரளவு மெல்லிய பழக்கமே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியது.

இந்தச் செய்தி தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமானது. குடும்பத்தில் முதலில் பட்டம் பெறும் மாணவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை தரும் மாநிலம் இது. அப்படி வருகிறவர்கள் நம் பொறியியல் வகுப்புகளில் ஏராளம். அப்பாவுக்குத் தெரிந்த இன்ஜினியர், மாமா வேலை பார்க்கும் கம்பெனி என்று ஒன்றும் இல்லாதவர்கள் இவர்கள். பெரம்பலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் படிக்கும் பெண்ணுக்கு, சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படிக்கும் ஒருவரின் பழக்கம் கிடைத்தால், இன்டர்ன்ஷிப் எங்கே திறந்திருக்கிறது, விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும் என்று அவளுக்குச் சொல்ல முதன்முறையாக ஓர் ஆள் கிடைக்கிறார். இதன் மதிப்பை நான் குறைக்கவே மாட்டேன்.

ஆனால் முகாம் அந்தப் பழக்கத்தை உண்டாக்குகிறதா? கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் இங்ரம், மைக்கேல் மாரிஸ் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. புதியவர்களைச் சந்திக்கவே வருகிறோம் என்று சொன்ன வணிகத் துறையினர் கூடிய விருந்தில், அவர்களுக்கு மின்னணு அட்டைகளை அணிவித்து, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பதிவு செய்தார்கள். ஏற்கெனவே தெரிந்தவர்களோடு பேசுவதையே அவர்கள் அதிகம் நாடியிருந்தார்கள். அனுபவமுள்ள பெரியவர்களே அப்படி என்றால், ஆங்கிலத்தில் பேச நேருமோ என்று கூசி நிற்கும் செகண்ட் இயர் மாணவர் என்ன செய்வார்? தன் கல்லூரி நண்பர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். நம் முகாம்களின் மதிய இடைவேளையில் நான் பார்த்தது இதையேதான். மாலையில் எல்லோரையும் சேர்த்து வாட்ஸ்அப் குரூப் தொடங்குவார்கள். மூன்று நாள் வணக்கம், பிறகு மற்றக் கல்லூரிகளின் சிம்போசியம் போஸ்டர்கள், பிறகு அமைதி.

பழக்கம் உண்டாகும் இடம் வேறு. பந்தயத் திடலின் பிட் பகுதியில் ஓர் அணிக்கு ஆக்சில் உடையும்போது பக்கத்துக் கூடாரத்திலிருந்து வெல்டிங் தெரிந்தவன் வருகிறான். போட்டிக்கு நிற்கும் அணிதான், ஆனாலும் ஸ்பானர் கைமாறுகிறது. இரவு பதினொரு மணிக்குச் சேர்ந்து நிமிர்த்திய ஒரு கம்பியைப் பற்றி அவர்கள் பத்தாண்டு கழித்தும் பேசுவார்கள். வேலை நடுவில் வந்தால் கூச்சம் போகிறது. எதைப் பேசுவது என்று தேட வேண்டியதில்லை. ஆகவே நெட்வொர்க்கிங் வேண்டும் என்பவர்கள் மேசை விருந்தை விட்டுவிட்டு, மூன்று கல்லூரித் தன்னார்வலர்களைச் சேர்த்து ஒரு சிறு நிகழ்ச்சியையோ பள்ளிப் பிள்ளைகளுக்கான பட்டறையையோ நடத்தக் கொடுத்தால் போதும்.

முகாமின் பக்கம் நிற்பவர்களின் வாதத்தில் நான் மறுக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. தமிழ் வழியில் படித்து வந்த ஒரு மாணவர் இருநூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்து இரண்டு நிமிடம் பேசிவிட்டு இறங்கும்போது அவர் முகத்தில் வரும் வெளிச்சம் பொய்யல்ல. வீட்டில் அனுமதி கேட்டு, முதன்முறை தனியாக வேறு ஊருக்கு வந்து திரும்பும் மாணவிக்கு அந்தப் பயணமே ஒரு பாடம். இதற்காக மட்டுமே சில முகாம்களை நடத்தலாம் என்றும் தோன்றும். ஆனால் இதற்கு மேடைப் பயிற்சி என்று பெயர். அதை அந்தப் பெயரில், தயங்குகிறவர்களை அழைத்து நடத்த வேண்டும். இன்று முகாமுக்கு அனுப்பப்படுவது ஏற்கெனவே நன்றாகப் பேசுகிறவர்கள். கூச்சப்படுகிறவரை யாரும் பரிந்துரைப்பதில்லை.

மாணவிகளைப் பற்றிய இன்னொரு கேள்வியை முகாம்கள் தொடுவதே இல்லை. மன்ற வேலையின் உயிரான பகுதி மாலை ஆறு மணிக்கு மேல் நடக்கிறது. பட்டறையில் வண்டி கட்டுவது, நிகழ்ச்சிக்கு முந்தைய இரவு ஏற்பாடுகள், அவசர முடிவுகள் எல்லாம் அப்போதுதான். மாணவியர் விடுதிக்குத் திரும்ப வேண்டிய நேரம் மாணவருடையதைவிட முந்தியது என்றால், அந்த முடிவுகளில் அவர்களுக்கு இடமில்லை. பிறகு அவர்களுக்கு மிஞ்சுவது வரவேற்பு, தொகுப்புரை, கோலம். இப்படிப்பட்ட கல்லூரியிலிருந்து ஒரு மாணவியை ‘பெண் தலைமை’ அமர்வுக்கு அனுப்பி உற்சாகப்படுத்துவது, கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு நடைப்பயிற்சி சொல்லிக் கொடுப்பது. திருத்த வேண்டியது விடுதி விதி. பயிற்சி தேவைப்படுவது அந்த விதியை எழுதியவர்களுக்கு.

சிறப்பாக அமைந்த முயற்சிகளும் இருக்கின்றன. ஐ.இ.இ.இ. தன் தன்னார்வலர்களுக்கென்று நடத்தும் வோல்ட் என்ற திட்டம் பல மாதம் நீள்கிறது. இணையவழி வகுப்புகள், வழிகாட்டிகள், முடிவில் குழுவாகச் செய்து காட்ட வேண்டிய திட்டம். இடைவெளி, செய்முறை, பின்னூட்டம் மூன்றும் அதில் அமைகின்றன. ஆனால் அது ஏற்கெனவே ஓரளவு அனுபவமுள்ள தன்னார்வலர்களை நோக்கியது. முதன்முறை பொருளாளரான பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கானது அல்ல. சென்னை ஐ.ஐ.டி.யின் புத்தாக்க மையம் வேறு வகை. 1981 அணி முன்னாள் மாணவர்கள் 2008-ல் தந்த உதவியால் உருவான அது, சொற்பொழிவுக்குப் பதிலாக மாணவர் கையில் ஒரு பட்டறையைக் கொடுத்தது. ஆண்டுதோறும் அணிகள் மாறினாலும் இடமும் கருவியும் குறிப்பேடுகளும் அங்கேயே இருக்கின்றன. முன்னாள் மாணவர் தொடர்பை இதைவிடப் பயனுள்ளதாகச் செலவிட்ட சான்று எனக்குத் தெரியவில்லை. எல்லாக் கல்லூரிக்கும் அவ்வளவு பணம் வராது. ஆனால் ஓர் அறை, ஓர் அலமாரி, அதற்கு மாணவர் கையில் ஒரு சாவி என்பவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை.

ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தலைமைப் பயிற்சி என்ற பெயரில் ஒரே நாளில், பேச்சாலும் விளையாட்டாலும் நிரப்பி, கருத்துப் படிவத்தோடு முடியும் முகாம் தன் வேலையைச் செய்யவில்லை. அதை நிறுத்தினால் மன்றங்கள் எதையும் இழக்கமாட்டா. அதன் நெட்வொர்க்கிங் பகுதி, கொள்கையில் சரி. இன்றைய வடிவில் வீண். மேடைக் கூச்சம் போக்கும் பகுதி உண்மையிலேயே நல்லது. அதைப் பிரித்தெடுத்துத் தக்கவர்களுக்குக் கொடுக்க வேண்டும். மிச்சப்படும் பணத்தையும் நாளையும் இரண்டு இடத்தில் போடுவேன். ஒன்று, கோஆர்டினேட்டர்களுக்கு: மன்றப் பொறுப்பை அவர்களது பணிச்சுமைக் கணக்கில் சேர்த்து, எந்த முடிவுகள் முழுக்க மாணவருடையவை என்று எழுத்தில் பிரித்துக் கொடுப்பது. மற்றொன்று, ஒப்படைப்புக்கு. என்னைக் கேட்டால் இரண்டாவதைவிட முதலாவதே கடினம், அதனால் அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

ஒப்படைப்புக்கு நான் சொல்வது எளிய ஏற்பாடு. பதவி மாற்றத்தை ஜூலைக்குத் தள்ளாமல் பிப்ரவரியிலேயே செய்துவிடுவது. மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் பழைய செயலாளர் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார வேண்டும். கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் புதிய அணி ஒரு சிறிய நிகழ்ச்சியைத் தானே நடத்தித் தவறுகள் செய்யட்டும். திருத்த ஆள் அருகில் இருக்கும்போதே செய்யட்டும். ஒரு நோட்டு இருக்க வேண்டும், தடித்த அட்டை போட்ட சாதாரண நோட்டு. எந்த ஸ்பான்சர் எந்த மாதத்தில் பட்ஜெட் போடுகிறார், அட்வான்ஸ் விண்ணப்பம் எத்தனை நாள் முன்னால் கொடுக்க வேண்டும், ஆடிட்டோரியத்தின் எந்த பிளக்கில் புரொஜெக்டரைப் போட்டால் சர்க்யூட் பிரேக்கர் விழும், போன ஆண்டு எது சொதப்பியது, யார் பணம் இன்னும் திரும்பவில்லை என்றெல்லாம் அதில் இருக்கட்டும். அடுத்த ஜனவரியில், வேலைக்குப் போய்விட்ட அந்தப் பழைய செயலாளரிடம் கேட்க வேண்டும்: இந்த ஆண்டு சிம்போசியத்துக்காக உனக்கு எத்தனை போன் வந்தது? பயிற்சி நடத்தியவர்கள் தங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுத வேண்டிய எண் அதுதான்.